பெயர் ஒன்று, கோப்பு இரண்டு



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மையைப் பற்றியோ திருக்குறளின் சிறப்பைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். அவற்றைப் பற்றி என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்கள் இம்மலரில் எழுதுகின்றார்கள். நான் இம்முறை கணினி நிரலொன்றில் விட்ட பிழையையும், அதை எனக்கு விளக்கிய மாணவன் ஒருவனையும் பற்றி எழுத விரும்புகின்றேன். பிழையைப் பற்றி எழுதுவது ஆசிரியனுக்கு இழுக்கு என்று சிலர் கருதக்கூடும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியில் கணித ஆசிரியனாகக் கரும்பலகையின் முன் நின்ற காலத்தில் நானும் அவ்வாறே கருதியவன்தான்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் சனிக்கிழமை வகுப்புகளுக்கான கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாடசாலை விடுமுறைகள், தேர்வு நாட்கள், விழா ஒத்திகைகள் யாவற்றையும் கழித்து, எஞ்சும் சனிக்கிழமைகளை வகுப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். கையால் எழுதினால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும் வேலை. ஆனால் அப்போது நான் பைதன் எனும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருந்தேன். பகலில் களஞ்சிய வேலை. இரவில் சமையலறை மேசையில் மடிக்கணினி. கணிதத்தை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த எனக்கு அது பழைய நண்பனைக் கண்டது போலிருந்தது.

பைதன் மொழியை நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் றொஸம் உருவாக்கி 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மொழியின் தனிச்சிறப்பு, அதனோடு சேர்ந்தே வரும் நூலகங்கள். விளையாட்டுப் பொருள் வாங்கும்போது மின்கலமும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு மகிழ்ச்சி! அவ்வாறே நாட்காட்டி கணிப்பதற்கு ஒரு நூலகம், எழுந்தமானமாக எண் எடுப்பதற்கு ஒரு நூலகம், சராசரி காண்பதற்கு ஒரு நூலகம், ஆமையொன்றை நகர்த்திச் சித்திரம் வரைவதற்கு ஒரு நூலகம் என்று பலவும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது, நிரலின் முதல் வரியில் இம்போர்ட் என எழுதி நூலகத்தின் பெயரைச் சொல்லி அழைப்பது மட்டுமே.

நான் அழைத்தது கலண்டர் எனும் நூலகத்தை. ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால், அம்மாதத்தை வாரம் வாரமாக அது பிரித்துத் தரும். இந்நாட்டு வழக்கப்படி திங்கட்கிழமையிலேயே வாரத்தைத் தொடங்கும். அம்மாதத்தைச் சேராத நாட்களுக்குச் சுழியம் இடும். ஒவ்வொரு வாரத்திலும் ஆறாவது எண்ணை எடுத்தால் அதுவே சனிக்கிழமை. பரீட்சார்த்தமாக ஒரு கோப்பில் எழுதி ஓட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் முதல் ஜூன் மாதம் வரை சனிக்கிழமைகள் அனைத்தும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அன்றிரவு மனைவியை எழுப்பிக் காட்டினேன். “இதை நாட்காட்டியைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே, அப்பா” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் உறங்கிப்போனார்.

மறுநாள் அதைப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுப்பதற்கு முன், கோப்புக்கு ஒழுங்கான பெயரொன்று இருக்கட்டும் என்று எண்ணி, கலண்டர் என ஆங்கில எழுத்துகளிற் பெயரிட்டுச் சேமித்தேன். மீண்டும் ஓட்டினேன். ஓடவில்லை. “பாதியளவே ஏற்றப்பட்ட கலண்டர் நூலகத்தில் நீர் கேட்கும் செயல் இல்லை, ஒன்றையொன்று வட்டமாக அழைத்தது காரணமாயிருக்கலாம்” என்ற பொருளில் ஆங்கிலத்திற் பிழைச்செய்தி வந்தது. நேற்று இருந்த செயல் இன்று இல்லையா? நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லையே!

மூன்று இரவுகள் அதனோடு போராடினேன். வரிவரியாக ஒப்பிட்டேன். பைதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். பயனில்லாமற் போகவே மறுமுறையும் நிறுவினேன். மூன்றாம் இரவில், பிழை நிரலில் இல்லை, நாற்பது வயதைக் கடந்து இதையெல்லாம் கற்க முற்பட்ட என்னிடமே இருக்கின்றது என்ற எண்ணம் வந்தது. இந்நாட்டுக்கு வந்த பின் பல தடவைகள் அந்த எண்ணம் எனக்கு வந்திருக்கின்றது. உங்களிற் பலருடைய பெற்றோரும் அதை அறிவார்கள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். உயர்பிரிவு மாணவன் ஒருவன் என்னருகே வந்து நின்றான். அவனுடைய பெயரை இங்கு எழுதவில்லை. முந்திய வாரந்தான் அவன் என்னிடம் வந்து, இந்தத் தவணையோடு தமிழ் வகுப்பை நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தான். உயர்நிலைப் பள்ளியிற் கணிதமும் பௌதிகமும் கடினமாகிவிட்டன என்றும், தமிழ் படிப்பதால் எதற்குப் பயன் என்று தனக்கு விளங்கவில்லை என்றும் கூறியிருந்தான். நான் வழக்கமான பதில்களைச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அந்தப் பதில்கள் அவனிடம் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

“சேர், பைதனா?” என்று கேட்டான். ஆம் என்றேன். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நிரலின் ஒரு வரியையும் வாசிக்காமலே, “கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?” என்றான்.

சொன்னேன். அவன் சிரித்தான். “நீங்கள் நூலகத்தைக் கூப்பிடவில்லை, சேர். உங்களையே கூப்பிட்டிருக்கிறீர்கள்.”

அவன் விளக்கியதை, ஓர் ஆசிரியனுக்குரிய முறையில் உங்களுக்கு இங்கே சொல்கின்றேன்.

வகுப்பிலே ஒரு மாணவனிடம் “கணிதப் புத்தகத்தை எடு” என்று சொல்கின்றோம். அவன் முதலில் தன் மேசையிற் பார்ப்பான். அங்கு இல்லையென்றால் வகுப்பறை அலுமாரியைத் திறப்பான். அங்கும் இல்லையென்றாற்றான் பாடசாலை நூலகத்துக்குப் போவான். எங்கே முதலிற் கண்டானோ அங்கேயே தேடலை நிறுத்திவிடுவான். மேசையிற் கிடந்தது பழைய பாடத்திட்டப் புத்தகமா, தம்பியின் புத்தகமா, அட்டையில் “கணிதம்” என எழுதிய வெற்றுக் கொப்பியா என்பது அவனுக்கு ஒரு பொருட்டன்று. கேட்ட பெயர் அட்டையில் இருக்கின்றது, அவ்வளவே. எங்கள் வன்னிப் பாடசாலையில் உண்மையாகவே இது நடந்ததுண்டு. பாடத்திட்டம் மாறிய ஆண்டில் ஒரே பெயருடைய இரண்டு புத்தகங்கள் அலுமாரியில் இருந்தன. முன்வரிசையில் இருந்தது பழையது. பின்னால் இருந்த புதியதை ஒரு தவணை முழுவதும் எவரும் எடுக்கவில்லை.

பைதனும் அந்த மாணவனைப் போன்றதே. ஒரு கோப்பை ஓட்டும்போது, அக்கோப்பு இருக்கும் அடைவே தேடற்பாதையின் தலையில் நிற்கும். அது மேசை. அடுத்து மொழியோடு வந்த நூலகங்கள். அவை வகுப்பறை அலுமாரி. இறுதியில் நாம் வெளியிலிருந்து பெற்று நிறுவிக்கொண்ட நூலகங்கள்; அவை பாடசாலை நூலகம். எனது கோப்புக்குக் கலண்டர் எனப் பெயரிட்டு, அதனுள்ளிருந்தே கலண்டரை அழைத்தேன். பைதன் மேசையைப் பார்த்தது, அங்கே கலண்டர் இருந்தது, எடுத்துப் பிரித்தது. அதன் முதல் வரியிலும் “கலண்டரை அழை” என்றே எழுதியிருந்தது. ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருக்கும் நூல்தானே என்று எண்ணி மேலே வாசித்தது. “மாதத்தைப் பிரித்துத் தா” என்ற வரி வந்ததும், அந்தச் செயல் தன் கையிலிருக்கும் நூலில் இல்லையெனக் கூறி நின்றுவிட்டது. உண்மையான நாட்காட்டி நூலகம் அலுமாரியில் எவ்விதக் குறையும் இன்றி இருந்தது. நான் இருமுறை மீண்டும் நிறுவியதும் அதைத்தான்! பழுதில்லாத அலுமாரியை இருமுறை திருத்திவிட்டு, மேசையை ஒருமுறையேனும் பார்க்காதிருந்தேன்.

“உனக்கு எப்படி இவ்வளவு விரைவாகத் தெரிந்தது, தம்பி?” என்று கேட்டேன். தானும் பட்டவன் என்றான். நோர்வேப் பாடசாலைகளில் 2020 ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்தோடு நிரலாக்கமும் கணித பாடத்துட் சேர்ந்தது என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள். எழுந்தமான எண்களைச் சூத்திரத்தாற் பிறப்பிக்கும் பயிற்சியொன்றை இவன் செய்து, கோப்புக்கு றண்டம் எனப் பெயரிட்டிருக்கிறான். அது நன்றாகவே ஓடியது. சில வாரங்களின் பின், அதே அடைவில், சராசரி காணும் வேறொரு நிரலை எழுதினான். அதற்கு மொழியோடு வந்த புள்ளிவிபர நூலகத்தை அழைத்தான். ஓட்டியதும் “எத்தனை எண்கள் வேண்டும்?” என்ற கேள்வி திரையில் எழுந்தது. அந்தக் கேள்வி புதிய நிரலில் எங்குமே இல்லை; பழைய பயிற்சியின் கேள்வி அது. புள்ளிவிபர நூலகம் தனது தேவைக்காக றண்டம் நூலகத்தை அழைக்கின்றது. அந்த அழைப்பும் மேசையிற் கிடந்த இவனுடைய கோப்பிலேயே போய் விழுந்திருக்கின்றது. பெயரொன்றை நாம் தவறாக வைத்தால், நாம் அழைக்காதபோதும், பிறர் வேறொருவரை அழைக்கும்போது நமது கோப்பு எழுந்து வந்து நிற்கும்!

இத்தகைய மோதலைக் கண்டுபிடிக்கும் முறை கடினமானதன்று. நூலகத்தின் பெயரை எழுதிப் புள்ளியிட்டு, முன்னும் பின்னும் இவ்விரண்டு அடிக்கோடுகளோடு பைல் எனும் சொல்லைச் சேர்த்து, அதை அச்சிடச் சொல்ல வேண்டும். எந்த இடத்துக் கோப்பு ஏற்றப்பட்டது என்பதை முழு முகவரியோடு பைதன் சொல்லிவிடும். அம்முகவரி உங்களுடைய அடைவைக் காட்டுமாயின் கள்வன் அகப்பட்டுவிட்டான். கோப்பின் பெயரை மாற்றுங்கள். அதே பெயரிற் பழைய படி வேறு கிடக்கின்றதா எனப் பாருங்கள். பின்னர் நிரலை முற்றாக நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். ஒருமுறை ஏற்றிய நூலகத்தைப் பைதன் நினைவில் வைத்திருக்கும். அந்த ஓட்டம் முடியும் வரை மறுபடி தேடமாட்டாது. பெயரை மாற்றிய பின்பும் பிழை நீங்கவில்லையே எனப் பலர் மனம் தளர்வது இதனாலேயே.

சிலர் தேடற்பாதையின் வரிசையையே மாற்ற முற்படுவதுண்டு. அது வேண்டாத வேலை. 2022 இல் வந்த 3.11 ஆம் பதிப்பு முதல், அடைவைத் தலையிற் சேர்க்காதே எனக் கட்டளையிடும் வழியும் இருக்கின்றது. ஆனால் அவ்வாறு செய்தால் அதே அடைவில் நாம் எழுதி வைத்த துணைக் கோப்புகளும் அகப்படாமற் போகும். மேசையே வேண்டாம் என்று சொன்னால், மேசையில் இருக்கும் நல்ல புத்தகங்களையும் இழக்க வேண்டியதுதான். பெயரிடுமுன் சற்று விசாரிப்பதே நல்லது. மொழியோடு வந்த நூலகங்களின் பெயர்ப்பட்டியலை 3.10 ஆம் பதிப்பு முதல் பைதனிடமே கேட்டுப் பெறலாம். 2024 ஒக்டோபரில் வெளிவந்த 3.13 ஆம் பதிப்போ, இத்தகைய மோதல் நேர்ந்தால், “உமது கோப்பின் பெயரும் நூலகத்தின் பெயரும் ஒன்று, மாற்றிப் பாரும்” எனத் தானே ஆலோசனை சொல்கின்றது. என்னைப் போல் எத்தனையோ பேர் இரவுகளை இழந்த பின்னரே அந்த ஆலோசனை பிறந்திருக்கும்.

ஒரே பெயர் இருவருக்கு இருப்பதால் வரும் இடர் எங்களுக்குப் புதியதன்று. தொகை நூல்களிற் புலவர் பெயர்களைப் பாருங்கள். சாத்தனார் என்ற பெயரிற் பலர் இருந்தார்கள். ஆகவே, மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொன்னார்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தையையும் அவருடைய தொழிலையும் சேர்த்தார்கள். அவ்வாறு சேர்க்காது விட்ட ஔவையார் என்ற பெயராற் குறிக்கப்படுவோர் எத்தனை பேர் என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றோம். ஈழத்திற் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ஒருவர், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை வேறொருவர். இருவரும் தமிழுக்குத் தொண்டாற்றிய பெரியோர். பெயருக்கு முன்னுள்ள அந்த ஓரெழுத்தை விட்டுவிட்டால் ஒருவருடைய நூல் மற்றவருடைய கணக்கிற் போய்ச் சேரும்.

நோர்வேயிலும் அவ்வாறே. வோலெர் என்ற பெயரில் இரண்டு நகரசபைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒஸ்ட்பொல்ட் மாவட்டத்தில் ஒன்று, இன்லாண்டட் மாவட்டத்தில் மற்றொன்று. மாவட்டத்தின் பெயரைச் சேர்த்துச் சொன்னாலே எது என்று விளங்கும். இந்நாட்டில் 200 பேரோ அதற்குக் குறைவானோரோ தாங்கும் குடும்பப் பெயரை, அவர்களுடைய இசைவின்றி வேறொருவர் சூடிக்கொள்ளவும் முடியாது. கணினித் துறையிலும் ஒஸ்லோவுக்குப் பெரிய பங்குண்டு. 1960 களில் இங்குள்ள நோர்வேக் கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நீகோர்ட் எனும் இருவரும் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒரே இல்லத்தில் வைத்து, இல்லத்தின் பெயரோடு சேர்த்தே அவற்றை அழைக்கும் முறைக்கு அம்மொழி வழிவகுத்தது. இருவருக்கும் 2001 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது கிடைத்தது. 2002 இல் இருவரும் மறைந்தார்கள். பைதன் உட்பட இன்று நீங்கள் கற்கும் மொழிகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

இந்த விடயம் என்னை இவ்வளவு பாதித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதுவரை வகுப்பிற் சொல்லாததை இங்கே எழுதுகின்றேன்.

நான் 2010 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தேன். மனைவி வவுனியாவில் இருந்தார். நான் புறப்பட்ட பின்னரே மகள் பிறந்தாள். எனக்கு வதிவிட உரிமை கிடைத்ததும் குடும்பத்தை அழைப்பதற்கு விண்ணப்பித்துவிட்டு, இங்கே திராமனில் ஒரு மாடிக் கட்டடத்தில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். கட்டட வாசலில் தபாற்பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் குடும்பப் பெயர் மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். எமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் தந்தையாரின் பெயரே இங்கு என் குடும்பப் பெயராகப் பதியப்பட்டது. மூன்றாம் மாடியில் இன்னொரு தமிழர் இருந்தார். அவருக்கும் அதே பெயர். அவருடைய பெட்டி வரிசையில் முதலில் இருந்தது. என்னுடையது அதற்கும் அப்பால்.

விண்ணப்பத்துக்கு மேலும் ஒரு பத்திரம் வேண்டும், இன்ன திகதிக்குள் அனுப்பவும் என்று எனக்கு வந்த கடிதம் அவருடைய பெட்டியில் விழுந்தது. அவர் அப்போது இலண்டனில் உறவினர் வீட்டில் இருந்தார். ஐந்து வாரங்களின் பின் வந்து, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கி ஓடி வந்து என்னிடம் தந்தார். திகதி கடந்துவிட்டது. பிழை எவருடையதும் அன்று. கொண்டுவந்தவர் பெயரைப் பார்த்தார், அப்பெயருடைய முதற்பெட்டியைக் கண்டார், போட்டார். தேடல் அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தத் தாமதத்தைச் சீர்செய்ய ஏழு மாதங்கள் சென்றன. அந்த மாதங்களில் என் மகள் பேசக் கற்றாள். நாள்தோறும் மாலையில் அவளுடைய தாயார் தொலைபேசியை அவள் காதில் வைத்து, “அப்பா, அப்பா” என்று சொல்லுவார். அவளும் சொல்லுவாள். 2012 இல் கார்டர்மோன் விமான நிலையத்தில் அவர்களை வரவேற்கச் சென்றேன். மனைவி மகளை இறக்கிவிட்டு, “இதோ அப்பா” என்றார். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் தாயின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். அவளுக்கு அப்பா என்பது அந்தக் கருவியின் பெயர். முதலிற் கேட்ட இடத்தில் அந்தப் பெயர் பதிந்துவிட்டது. அதை மாற்றி என் மேல் வைப்பதற்குப் பல வாரங்கள் சென்றன.

தாழ்வாரத்தில் அந்த மாணவன் “உங்களையே கூப்பிட்டிருக்கிறீர்கள்” என்று சொன்னபோது எனக்கு இவை யாவும் நினைவுக்கு வந்தன. அவனிடம் தபாற்பெட்டிக் கதையை மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “பெட்டியில் முழுப்பெயரையும் வீட்டிலக்கத்தையும் எழுதவில்லையா, சேர்?” என்றான். பின்னர் எழுதினேன் என்றேன். “அதுதான் சரியான வழி” என்றான், நெடுநாள் அனுபவமுள்ள பொறியியலாளனைப் போல.

இக்கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. கால அட்டவணை முடிந்ததும் அவனிடம் ஓர் உதவி கேட்டேன். விழாச் சொல்விளையாட்டுக்கு ஆறெழுத்துச் சொற்களைப் பட்டியலிலிருந்து பொறுக்கித் தரும் நிரலொன்று வேண்டும் என்றேன். “ஐந்து நிமிட வேலை” என்றான். அடுத்த வாரம் முகம் வாடி வந்தான். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினியைக் கேட்டால் 11 என்கிறதாம். தமிழ் என்ற சொல்லில் 5 என்கிறதாம். “யா, ழ், ப், பா, ண, ம். ஆறுதானே, சேர்?” என்று விரல் மடித்து எண்ணினான். வகுப்பில் மெய், உயிர்மெய் பிரிக்கச் சொன்னாற் சன்னலைப் பார்க்கும் பிள்ளை அவன்! யுனிக்கோடு முறையில் உயிர்மெய்யின் குறிகளும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன என்பதையும், பைதன் அந்தக் குறியீடுகளையே எண்ணுகின்றது என்பதையும் இருவரும் சேர்ந்து கண்டறிந்தோம். எழுத்து என்றால் என்ன என்று அன்று அரைமணி நேரம் பேசினோம். தொல்காப்பியர் தமது நூலை ஏன் எழுத்திலிருந்து தொடங்கினார் என்று அவனாகவே கேட்டான்.

இதற்கெனத் தமிழர்கள் ஆக்கிப் பொதுவில் வழங்கிய ஓப்பன் தமிழ் எனும் நூலகம் இருக்கின்றது. சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயல் அதில் உண்டு. தமிழிலேயே நிரலெழுதுவதற்கு எழில் எனும் மொழியை ஆக்கிய முத்தையா அண்ணாமலை அவர்கள் இதன் ஆக்கத்திலும் முன்னின்றவர். அந்நூலகத்தை நிறுவியதும், நிரலினுள் தமிழ் என்ற பெயரிட்டே அழைக்க வேண்டும். அவன் நிறுவினான், அழைத்தான், ஓட்டினான். பிழை! “சேர், நான் கேட்பது தமிழில் இல்லையாம்” என்றான்.

நான் நிரலை வாசிக்கவில்லை. “தம்பி, கோப்புக்கு என்ன பெயர் வைத்தாய்?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தமிழ்ப் பள்ளி வேலைதானே என்று கோப்புக்குத் தமிழ் எனப் பெயரிட்டிருக்கிறான்! நிறுவிய நூலகமோ பாதையின் கடைசியில். அவனுடைய பத்து வரிக் கோப்போ பாதையின் தலையில். பலர் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தமிழை, இவனுடைய பத்து வரித் தமிழ் மறைத்துவிட்டது. இல்லாதது தமிழில் அன்று. இவன் கையில் இருந்த கோப்பில். நான் அதை அவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை. அவனே சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, இதை உங்களுக்குச் சொல்கின்றேன். நம் பிள்ளைகள் தமிழில் எதுவும் இல்லை என்று சொல்லும்போது நமக்குக் கோபம் வருகின்றது. அவர்கள் தேடியது எந்தக் கோப்பில் என்று நாம் பார்ப்பதில்லை. சனிக்கிழமை மூன்று மணி நேரமும், வீட்டில் “சாப்பிட்டாயா, படித்தாயா” எனும் சில சொற்களுமே அவர்களுடைய மேசையிற் கிடக்கும் தமிழ். அதற்குப் பின்னால் அலுமாரியும் நூலகமும் இருக்கின்றன என்பதை நாம் முகவரியோடு காட்ட வேண்டும். அதிலே எங்களுக்கும் பொறுப்பு உண்டு. நான் அவனுக்கு முதலிற் சொன்ன வழக்கமான பதில்களும் அந்தப் பத்து வரிக் கோப்பைப் போன்றவைதான்.

அவன் கோப்பின் பெயரை மாற்றினான். இம்முறை ஆங்கில எழுத்திலன்றித் தமிழ் எழுத்திலேயே எழுத்தெண்ணி எனப் பெயரிட்டான். பைதனோடு வரும் நூலகங்களில் எதற்கும் இந்தப் பெயர் இராது என்றான். நிரல் ஓடியது. யாழ்ப்பாணம், 6. இவ்வாண்டு விழாச் சொல்விளையாட்டில் உங்கள் கைக்கு வரும் சொற்கள் அந்த நிரல் பொறுக்கியவையே.

வகுப்பை நிறுத்துவது பற்றி அவன் பின்னர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தவணைக்குரிய பெயர்ப்பட்டியலை நிர்வாகம் தயாரித்தபோது, அவனுடைய வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருப்பதை எடுத்துச் சொல்லி, தந்தை பெயரின் முதலெழுத்தையும் சேர்க்குமாறு கேட்டவன் அவனே. அவ்விருவரில் ஒருவன் அவன்.

விழா இனிது நிறைவேற வாழ்த்துகின்றேன். மாணவர்களே, உங்கள் கோப்புகளுக்கு நல்ல பெயர்களைச் சூட்டுங்கள்.